வங்கிக் கணக்கு இல்லாமல் சேலத்தில் பத்து நாள்

இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து சேலம் போயிருந்தபோது, இறங்கிய அன்று மாலையே தட்டுவடை செட் சாப்பிட வண்டிக்கடைக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து 500 ரூபாய் நோட்டை நீட்டினேன். "சில்லறை இல்லைங்க, ஜிபே பண்ணிருங்க" என்றார் கடைக்கார அக்கா. என் போனிலும் கூகுள் பே இருந்தது, வெளிநாட்டு அட்டையை இணைத்தது. ஸ்கேன் செய்தேன். பணம் போகவில்லை. பின்னால் நாலு பேர் தட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். "பரவாயில்லைங்க, நாளைக்கு வரப்போ குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த செட்டுக்குச் சட்னி தடவப் போய்விட்டார். மறுநாள் காலை நாங்கள் ஏற்காடு கிளம்பிவிட்டதால், மூன்று நாள் கழித்து மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் அந்தக் காசைக் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. அந்த மூன்று நாளும் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் பயணம் முழுவதும் மாமா போன்தான் எங்களுக்குப் பர்ஸ். ஆட்டோ, டிபன், மருந்துக்கடை என்று எங்கே போனாலும் "நீ இரு, நான் போட்டுடறேன்" என்பார். கிளம்பும் அன்று கணக்குக் கேட்டால் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார். நம் சொந்தக்காரர்கள் கணக்குச் சொல்ல மாட்டார்கள், கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழும் மனிதர். அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் செலவை நாமே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. ஊருக்குப் போவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், என் போனில் ஏன் பணம் போகவில்லை என்று பார்ப்போம். கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் எல்லாம் யுபிஐ முறையைச் சேர்ந்தவை. 2016இல் வந்த இந்த முறை இந்திய வங்கிக் கணக்குகளை இணைத்துக் கட்டப்பட்டது. வெளிநாட்டு அட்டையை மட்டும் இணைத்த எந்தச் செயலியும் அதைப் படித்துப் பணம் அனுப்பாது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கென்று இந்திய வங்கிகள் தரும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமீரகம், கத்தார், ஓமான், சவுதி உள்ளிட்ட சில நாடுகளின் போன் எண்ணை வைத்தே யுபிஐயில் சேர 2023 முதல் வழி செய்திருக்கிறார்கள். உங்கள் வங்கி அதை அனுமதிக்கிறதா என்று புறப்படும் முன் கேட்டு, வீட்டிலிருந்தபடியே பதிவு செய்துவிடுங்கள்.

இந்தியாவில் கணக்கே இல்லாதவர்களுக்கு யுபிஐ ஒன் வேர்ல்டு என்று போனிலேயே ஒரு பணப்பை உண்டு. 2023இல் ஜி20 நாட்டுப் பயணிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா நாட்டவருக்கும் திறந்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டையும் விசாவையும் நேரில் காட்டிச் சரிபார்த்ததும், வெளிநாட்டு அட்டையிலிருந்து பணம் ஏற்றிக்கொண்டு கடைகளில் ஸ்கேன் செய்யலாம். நேரில் சரிபார்க்க வேண்டியிருப்பதால், சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சேலத்துக்கு நேரடி வெளிநாட்டு விமானம் கிடையாது. சென்னை, பெங்களூரு, கோவை, திருச்சி என்று ஏதோ ஒரு ஊர் வழியாகத்தான் வரப்போகிறீர்கள். எந்த நிறுவனம் இதைத் தருகிறது, எங்கே சரிபார்ப்பார்கள் என்பதை முன்பே விசாரித்து, இறங்கும் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தப் பணப்பை கடைக்காரருக்குக் கொடுப்பதற்கு மட்டும்தான். மாமா கணக்குக்கு அனுப்ப முடியாது. வண்டிக்கடைக்காரரோ பூக்காரம்மாவோ வணிகர் கியூஆர் வாங்காமல், தன் சொந்தப் போனின் கியூஆரையே அச்சடித்து ஒட்டியிருந்தால், அங்கேயும் போகாமல் போகலாம். பணம் வந்ததும் சத்தமாக அறிவிக்கும் பெட்டி இருக்கும் கடை என்றால் பெரும்பாலும் வணிகர் கியூஆர்தான்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. அங்குள்ள பேநவ் என்ற பணப் பரிமாற்ற முறையையும் யுபிஐயையும் 2023 பிப்ரவரியில் இணைத்தார்கள். அதில் சேர்ந்த வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருந்தால், மாமாவின் யுபிஐ முகவரிக்கு நேரடியாக அனுப்பலாம். பயணத்துக்கு முந்தின வாரமே ஒரு தொகையை அனுப்பி, "இது நாங்க வந்தா ஆகற செலவுக்கு" என்று சொல்லிவிடுங்கள். மற்ற நாட்டினர் வழக்கமான பணம் அனுப்பும் செயலிகளில் இதையே செய்யலாம். முன்கூட்டியே கணக்கில் விழுந்துவிட்ட பணத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

இத்தனை இருந்தாலும் ரொக்கம் இல்லாமல் முடியாது. இந்திய ரூபாயை வெளியிலிருந்து கொண்டுவருவதென்றால் ஆளுக்கு 25,000 வரைதான். வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்புக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். விமான நிலையத்து நாணய மாற்றுக் கடையில் பொதுவாக விலை குறைவாகக் கொடுப்பார்கள். டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவு மட்டும் அங்கே மாற்றிக்கொண்டு, மீதியைச் சேலம் நகருக்குள் அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையில் மாற்றுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்குப் பெரும்பாலும் ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை கிடைக்கும். உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழித்துக்கொள்ளட்டுமா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, ரூபாயைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கழித்தால் அந்த மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கதைதான். அப்புறம், 10,000 என்று கேட்காமல் 9,900 என்று கேளுங்கள். 400 ரூபாயாவது நூறு, இருநூறு நோட்டாக வரும். இயந்திரத்தில் சின்ன நோட்டு இல்லாவிட்டால் வேறு ஏடிஎம் பாருங்கள்.

500 ரூபாய் நோட்டைச் சில்லறையாக்கப் பெட்ரோல் பங்க், பெரிய மளிகைக்கடை, மருந்துக்கடை இவைதான் நல்ல இடங்கள். டவுன் பஸ் கண்டக்டரிடமோ உழவர் சந்தையில் கீரை விற்கும் பாட்டியிடமோ நீட்டாதீர்கள், அவர்களுக்கு அது பெரிய தொல்லை. 10 ரூபாய் நாணயத்தைச் சிலர் "செல்லாது" என்பார்கள். அது செல்லும், ரிசர்வ் வங்கியே பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் கடை வாசலில் நின்று வாதாடி என்ன ஆகப்போகிறது, வேறு நோட்டைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

போன பயணத்தில் மிச்சமானது என்று பீரோவில் பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். 2016 நவம்பருக்கு முந்தைய 500, 1,000 நோட்டுகள் செல்லாதவை, இனி மாற்றவும் வழியில்லை. 2,000 ரூபாய் நோட்டை 2023இல் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். சட்டப்படி செல்லும் என்றாலும் கடைகளில் வாங்க மாட்டார்கள். வங்கிக் கிளைகளும் 2023 அக்டோபரோடு மாற்றித் தருவதை நிறுத்திவிட்டன. ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

இனி ஏற்காடு. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேல் வேறு உலகம். ஏரிப் பக்கத்து ஹோட்டல்களிலும் பெரிய கடைகளிலும் ஸ்கேன், அட்டை இரண்டும் ஓடும். ஆனால் பகோடா பாயிண்ட் பக்கம் சுட்ட சோளம் விற்பவர், சேர்வராயன் கோயில் வாசல் கடைகள், எஸ்டேட் சாலையில் மிளகும் ஆரஞ்சும் வைத்திருக்கும் அம்மாக்கள் என்று போனால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். மழையும் மூடுபனியும் வந்தால் உள்ளூர்க்காரர்களே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் ஏடிஎம் முன்னால் நீண்ட வரிசையிலும் நின்றிருக்கிறேன், காலியான ஏடிஎம்மும் பார்த்திருக்கிறேன். அதனால் சேலத்திலேயே பணம் எடுத்து, பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று பிரித்து வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள். இன்னொரு பாதையான குப்பனூர் வழியாகப் போனாலும் இதே யோசனைதான். மலையில் நாணய மாற்றை எதிர்பார்க்காதீர்கள்.

கொலுசு வாங்காமல் சேலத்திலிருந்து திரும்புபவர்கள் குறைவு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைகளில் வெளிநாட்டு அட்டையை எடுப்பார்களா என்று நுழையும்போதே கேளுங்கள், எடை போட்டு முடித்தபின் கேட்டால் இரு பக்கமும் சங்கடம். பெரிய அளவில் வாங்குவதானால் ஒன்று கவனியுங்கள்: கடைக்காரர் ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் விடாது.

கல்யாணத்துக்கு வந்திருந்தால் மொய்க்கு 501, 1,001 என்று வைப்பீர்கள். அந்த ஒரு ரூபாய் நாணயம் அவசரத்துக்குக் கிடைக்கவே கிடைக்காது. கிடைக்கும்போதெல்லாம் தனியாக எடுத்து வையுங்கள்.

கையில் ரொக்கம் இருந்து கடைக்காரர் ஜிபே மட்டும் கேட்டால், கூட வந்த உறவினரை ஸ்கேன் செய்யச் சொல்லிவிட்டு, அந்த நிமிடமே நோட்டை அவர் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். மாலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவர் வாங்கவே மாட்டார். முன்பின் தெரியாதவர் யாராவது உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணை அழுத்துங்கள் என்றால் அழுத்தாதீர்கள். பணம் வாங்க எந்த எண்ணும் தேவையில்லை.

போன தை மாதம் மறுபடியும் சேலம் போனேன். அனுப்பிய பணம் முன்பே மாமா கணக்கில் இருந்தது, என் சட்டைப்பையில் நூறும் ஐம்பதும் இருந்தன. அதே வண்டிக்கடையில் அக்கா "இந்தத் தடவை சில்லறை இருக்குங்களா?" என்று கேட்டார். சரியாக எண்ணிக் கொடுத்தேன். பக்கத்தில் மாமா வழக்கம்போல் போனை எடுத்திருந்தார், அதை மறுபடி பைக்குள் வைத்துவிட்டு இன்னொரு செட் கேட்டார்.