சைகோனில் வளர்ந்த பெரியவரிடம் சின்ன வயசுக் கதையைக் கேட்டு எழுதி வைப்பது எப்படி

உங்கள் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ வியட்நாமின் சைகோனில் பிறந்து வளர்ந்தவர் ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பர்மாவைப் பற்றியும் மலேயாவைப் பற்றியும் பேச நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஆள் உண்டு, எழுதி வைத்ததும் உண்டு. சைகோன் அப்படியில்லை. அங்கே வட்டிக்கடை வைத்த செட்டியார்களே பர்மாவை விடக் குறைவு, பிள்ளைகுட்டியோடு இருந்தவர்கள் அதிலும் குறைவு, 1975 ஏப்ரலில் அந்த ஊர் கைமாறிய பிறகு மிச்சமிருந்த போக்குவரத்தும் அறுந்துபோனது. 1955-ல் அங்கே பிறந்த குழந்தைக்கு இன்றைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. தள்ளிப்போட நேரம் இல்லை.

நான் என் ஐயாவிடம், அதாவது அம்மாவைப் பெற்றவரிடம், கேட்டு எழுதிய பழக்கத்தில் சொல்கிறேன். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, நம் ஊர், ஆத்தா, அதாவது அம்மா, அந்த ஊர். பள்ளிக்கூட வயதில் அப்பச்சியோடு காரைக்குடிப் பக்கம் வந்துவிட்டார், ஆத்தா வரவில்லை. இப்படிப்பட்டவர்கள் செட்டிநாட்டில் வெளியே தெரிவதைவிட அதிகம் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்று. சரித்திரம் கேட்காதீர்கள். "சைகோன் எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பித்தால் பிரெஞ்சுக்காரன் போனான், அமெரிக்கன் வந்தான் என்று பேப்பரில் படித்ததையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிடுவார்கள், அதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும். வீட்டைக் கேளுங்கள். காலையில் முதலில் எழுந்தது யார், அடுப்பு விறகா கரியா, நீங்கள் எங்கே படுப்பீர்கள், பக்கத்தில் யார் படுத்திருப்பார்கள், அப்பச்சி உள்ளே வந்தால் எந்தப் பேச்சு நிற்கும், அடித்தது யார், அடித்த பிறகு தூக்கி வைத்துக்கொண்டது யார். இந்தக் கேள்விகளுக்கு யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை, தானாக வாயில் வரும்.

இதில் ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: குடியிருந்தது கிட்டங்கியிலா, தனி வீட்டிலா? கிட்டங்கி என்பது பொதுவாக ஆண்கள் மட்டும் இருந்த இடம். ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு பெட்டியடி, பகலில் அதுவே ஆபீஸ், ராத்திரி பாயை விரித்தால் படுக்கை, சமையலுக்கு ஊரிலிருந்து கூட்டிப்போன ஆள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று எல்லோரும் கணக்குக்குப் போனவர்கள், தவணை முடிந்தால் ஊர் திரும்புகிறவர்கள். குழந்தையோடு ஒரு பெண் அங்கே இருக்க வழியில்லை. அதனால் ஆத்தா அந்த ஊர்க்காரர் என்றால் வீடு வேறெங்கோ இருந்திருக்கும், அப்பச்சி இரண்டு இடத்துக்கும் நடந்திருப்பார். மத்தியானச் சாப்பாடு எங்கே, ராத்திரிச் சாப்பாடு எங்கே என்று கேளுங்கள். அந்தக் குடும்பம் எப்படி ஓடியது என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

உட்காரும் இடம் முக்கியம். பெரியவரை முகப்பிலோ வளவிலோ உட்கார வைத்துப் பதிவு செய்தால் பார்க்க அழகாக இருக்கும், கேட்க ஒன்றும் விளங்காது. பளிங்குத் தரை, உயரமான கூரை, வழவழப்பான சுவர், எல்லாம் சேர்ந்து குரலை உருட்டிவிடும். மெத்தை, துணிமணி கிடக்கிற சின்ன அறை போதும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாய்க்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வெயில் காலமானால் காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே தேதியையும் யார் யார் இருக்கிறீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ராத்திரியே இன்னொரு இடத்திலும் காப்பி எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அவர் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள், அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டால் வரவேண்டியது வராமல் போய்விடும்.

வருஷம் கேட்டால் பலருக்கும் வராது. ஊர் முழுக்கத் தெரிந்த சம்பவங்களை வைத்துக் கட்டுங்கள். 1963 ஜூனில் திக் குவாங் துக் என்ற பிக்கு சைகோன் நாற்சந்தியில் தீக்குளித்தார், அதே வருஷம் நவம்பரில் தென் வியட்நாம் அதிபர் தியெம் ஆட்சி கவிழ்ந்தது, 1968-ல் அவர்களுடைய புத்தாண்டான தெட் சமயத்தில் நகரத்துக்குள்ளேயே சண்டை வந்தது. "அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் பதில் வந்துவிடும். தெட் ஜனவரி இருபத்தொன்றுக்கும் பிப்ரவரி இருபதுக்கும் நடுவே ஓர் அமாவாசையை ஒட்டி வரும், நம் தைப்பூசத்துக்கு முன்னேயோ பின்னேயோ சுமார் இரண்டு வாரத்தில். இரண்டையும் பார்த்து வளர்ந்தவருக்கு இது நல்ல பிடி.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை வேண்டும். மழைக்காலம் என்று அவர் சொன்னால் ஐப்பசி கார்த்திகை என்று எழுதிவிடாதீர்கள், சைகோனில் மழை மே மாதம் தொடங்கி நவம்பர் வரை, பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு வெறிக்கும். அப்புறம் வயசுக் கணக்கு. அங்கே பழைய முறையில் பிறந்தவுடனேயே ஒரு வயசு, ஒவ்வொரு தெட்டுக்கும் ஒன்று கூடும். ஆத்தா வழியாக வந்த "ஏழு வயசு" நம் கணக்கில் ஆறாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம்.

தெருக்களுக்கு மேப்பை எடுங்கள். பெரிய டேப்லெட்டோ லேப்டாப்போ இருந்தால் நல்லது, கூகுளில் சைகோனின் இன்றைய பெயரான ஹோ சி மின் நகரம் என்று போட்டுத் தெருக் காட்சியைத் திறந்து அவரையே வழி சொல்ல விடுங்கள். அவர் சொல்கிற பெயர் மேப்பில் இருக்காது, ஏனென்றால் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர்களை 1955-ல் மாற்றினார்கள், 1975-க்குப் பிறகு பலவற்றை மறுபடியும் மாற்றினார்கள். கத்தினா தெரு முதலில் து தோ ஆனது, இப்போது டோங் கோய். ஷார்னே என்ற அகலமான சாலை இப்போது நுயென் ஹுவே, போனார் என்பது லே லோய். செட்டியார் கடைகள் இருந்த ஓயியே தெருதான் இன்றைய தோன் தட் தியெப், தண்டாயுதபாணி கோயில் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது. பெயர் தடுமாறினால் மாறாத இடத்திலிருந்து கிளம்புங்கள்: 1914-ல் திறந்த பென் தான் சந்தை, செங்கல் நிறத்தில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் மாதா கோயில், அதன் எதிரிலேயே பெரிய தபாலாபீஸ். ஐயா சந்தையின் மணிக்கூண்டைத் திரையில் பார்த்ததும் விரலை வைத்து நகர்த்தத் தொடங்கிவிட்டார், நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சந்தையிலிருந்து கொஞ்ச தூரத்தில், துரோங் தின் தெருவில், மாரியம்மன் கோயில் வந்ததும் நிறுத்தினார். தண்டாயுதபாணிக்கு அப்பச்சியோடும் மாரியம்மனுக்கு ஆத்தாவோடும் போவாராம். அந்த மாரியம்மன் கோயிலுக்கு இன்றைக்கும் வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம் மக்கள், சன்னதிச் சுவரில் கையையும் நெற்றியையும் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். "ஆத்தா சுவத்துல காது வச்ச மாதிரி நிப்பாக, நான் முந்தானையைப் பிடிச்சு இழுப்பேன்" என்றவர் உடனே, சேலை இல்லையே, அந்த நீளச் சட்டையின் பின்பக்கத்தைத்தான் இழுத்தேன் என்று தானே திருத்திக்கொண்டார். இந்த மாதிரித் திருத்தம் வந்தால் அவர் நிஜமாகவே அந்த இடத்துக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள்.

சமையல் இன்னொரு வழி, வாய்ப்பு இருந்தால் இதை விடவே விடாதீர்கள். அங்கே கா ரி கா என்று ஒரு கோழிக்குழம்பு உண்டு, கறிமசாலாத் தூள், தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டுத் தளதளவென்று வைத்து, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன நீள ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். எல்லாமே நம் ஊரில் கிடைக்கிற சாமான், எலுமிச்சைப்புல்லுக்கு மட்டும் நர்சரியில் கேளுங்கள். நீங்கள் சமைக்காதீர்கள், அவரைச் செய்யச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஐயா எலுமிச்சைப்புல்லின் தடித்த அடிப்பாகத்தைக் கத்தி முதுகால் ரெண்டு தட்டுத் தட்டி, தாளோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, அப்படியே சட்டியில் இறக்கினார். எழுபது வயதுக்கு மேல் அந்தக் கை அதை மறக்கவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும், கரண்டிச் சத்தம் வந்தாலும் பரவாயில்லை. மீன் சாறான நுவொக் மாம் பற்றியும் கேளுங்கள், அப்பச்சி இருக்கும்போது அந்தப் பாட்டில் எங்கே போகும் என்று.

இப்போது பெயர்கள். நம் குடும்பங்களில் எழுதி வைத்த பழக்கம் பெரிது: கோயில், பிரிவு, விலாசம் (கடைக்கு உரிய பெயரெழுத்து), யார் மகன் யார், யார் யாருக்குப் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்து எடுத்தார்கள், எல்லாம் இருக்கும். அந்தப் பட்டியலில் சைகோன் ஆத்தாவுக்கு இடமே இருக்காது, "அங்கே ஒரு அம்மா" என்பதோடு நிற்கும். அந்த அம்மாதான் குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர், சோறு ஊட்டியவர், கப்பலேற அனுப்பியவர். அவர் பெயரை முழுசாக வாங்குங்கள். அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும், கூப்பிடும் பெயர் கடைசியில், கல்யாணம் ஆனாலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை மாற்ற மாட்டார்கள். நுயென் என்ற குடும்பப் பெயர் அங்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து யாரையும் தேட முடியாது, ஆத்தாவின் சொந்த ஊரையும் கேளுங்கள், மீ தோவா, கான் தோவா, சா தெக்கா. பெயரை அவர் வாயால் மெதுவாக மூன்று தடவை சொல்ல வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள், ஏற்ற இறக்கம் மாறினால் அங்கே பெயரே வேறாகிவிடும், தமிழில் எழுதி வைப்பது மட்டும் போதாது. சைகோன் பக்கம் மூத்த பிள்ளையை ஹாய், அதாவது இரண்டு, என்றும் அடுத்ததை பா, மூன்று, என்றும் கூப்பிடுவது வழக்கம். அதனால் "என்னை ஹாய்னு கூப்பிடுவாக" என்று சொன்னால் குடும்பக் கொடியில் இரண்டாம் பிள்ளை என்று போட்டுவிட வேண்டாம்.

கூடப் பிறந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்களா என்ற கேள்வி கடைசியில் வரட்டும், அதுவும் தனியாக இருக்கும்போது. அப்பச்சிக்கு இங்கே இருந்த மனைவி வழிப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர் வாய் திறக்க மாட்டார். பங்கு பாகம் என்று பயப்படுகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். நீங்கள் எழுதுவது சொத்துக்கு இல்லை என்பதை முன்னாடியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், அதே சமயம் பெரியவரிடம் "இதை யாரெல்லாம் கேட்கலாம்?" என்று கேட்டு அந்தப் பதிலையும் பதிவில் வையுங்கள். ஒரு பகுதியை யாருக்கும் காட்டாதே என்றால் காட்டக் கூடாது, அவ்வளவுதான். அப்பச்சி மேல் அவருக்குக் கோபம் இருக்கலாம், பாசமும் இருக்கலாம், ஒரே மத்தியானத்தில் இரண்டும் வரும். எதையும் சமாதானப்படுத்தப் போகாதீர்கள்.

பெட்டகத்தைத் திறக்க அனுமதி கிடைத்தால் போட்டோக்களின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையில் தெருப்பெயர் இருந்தால் அது எந்தக் காலத்துப் பெயர் என்பதை வைத்தே போட்டோ 1955-க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம். பேரேடு, ஐந்தொகை, பிரெஞ்சில் உள்ள நிலப் பத்திரம், கடித உறை எதையும் லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிரெஞ்சுக் காலத்து அரசாங்கப் பதிவுகளில் ஒரு பகுதி பிரான்சில் ஏக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, தேடுவதற்கு விலாசமும் வருஷமும் கையில் வேண்டும், அதனால்தான் இங்கே உள்ள காகிதம் முக்கியம். பழைய தமிழ் அச்சுப் பிரதிகள் வேண்டுமென்றால் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த புத்தகங்களிலிருந்து வளர்ந்தது அது.

எழுதும்போது அவர் பேச்சிலேயே எழுதுங்கள். "போடுவாக, வருவாக" என்பதைப் "போடுவார்கள்" என்று திருத்தினால் ஆளே மாறிவிடுவார். பியாஸ்தர் என்றால் பியாஸ்தர் என்றே இருக்கட்டும், ரூபாய்க் கணக்கு வேண்டாம். முடித்ததும் பெரிய எழுத்தில் அச்செடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்க வாசித்துக் காட்டுங்கள், அவர் சொல்கிற திருத்தங்களை வேறு மையில் ஓரத்தில் எழுதுங்கள், பழையதை அடிக்காதீர்கள். அப்புறம் குடும்பக் கொடியில், அப்பச்சி பெயருக்குப் பக்கத்தில், ஆத்தாவின் பெயரை ஊரோடு சேர்த்து எழுதி, அந்தப் பக்கத்தையும் சேர்த்து எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.