மெக்னீசியம் ஆக்சைடு செய்வது எப்படி?

மெக்னீசியம் நாடாவை இடுக்கியில் பிடித்து எரித்தால், உண்டாகும் ஆக்சைடில் ஒரு பங்கு வெண்புகையாகப் பறந்துவிடும். எரிந்தபின் எடை கூடுவதைக் கணக்கோடு பார்க்க, மூடியுள்ள புடக்குகை (பலமான சூட்டைத் தாங்கும் சிறு கிண்ணம்) வேண்டும். கூடவே முக்காலி, அதன் மேல் புடக்குகையைத் தாங்கும் களிமண் முக்கோணம், பன்சன் அடுப்பு, இடுக்கி, 0.01 கிராம் வரை காட்டும் தராசு. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

முதலில் வெறும் புடக்குகையை மூடியோடு 5 நிமிடம் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். ஆறியதும் எடை பாருங்கள்.

30 செ.மீ. நாடா ஏறக்குறைய 0.3 கிராம் இருக்கும். அதன் சாம்பல் நிறப் படலம் ஏற்கெனவே உருவான ஆக்சைடுதான். உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளபளத்ததும் தளர்வாகச் சுருட்டி உள்ளே வையுங்கள். இறுக்கிச் சுருட்டினால் நடுப்பகுதி எரியாது. மறுபடி எடை பாருங்கள்.

இனி மூடிவைத்துச் சூடாக்குங்கள்: முதலில் மெல்ல, பிறகு பலமாக. அடிப்பகுதி செக்கச்சிவந்ததும் நிமிடத்துக்கு ஒருமுறை மூடியை 2 மி.மீ. மட்டும் தூக்குங்கள். உள்ளே வெளிச்சம் தெரிந்தால் உடனே மூடுங்கள். காற்று உள்ளே போக வேண்டும், புகை வெளியே வரக் கூடாது. இந்தச் சோதனையின் உயிரே அதுதான். அந்த வெளிச்சத்தில் புற ஊதாக் கதிரும் உண்டு, நேராகப் பார்க்காதீர்கள். எரியும் மெக்னீசியத்தின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீ வலுக்கும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும் உதவாது, அந்த வாயுவிலும் அது எரியும். உலர்ந்த மணலைக் கையருகே வையுங்கள்.

மூடியைத் தூக்கியும் ஒளிரவில்லையென்றால், பாதி திறந்து இன்னும் 5 நிமிடம் பலமாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிடுங்கள். சூடான புடக்குகையைத் தராசில் வைத்தால் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். காற்றிலுள்ள நைட்ரஜனும் சேர்ந்து கொஞ்சம் மெக்னீசியம் நைட்ரைடு உருவாகியிருக்கும். ஆறிய பொடியில் 5 முதல் 10 சொட்டு காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். அம்மோனியா வெளியேறும், ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை மேலே பிடித்தால் நீலமாகும். நைட்ரைடு நீரோடு வினைபுரிந்து மிஞ்சும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடைத் தெறிக்காதபடி மெல்லச் சூடாக்கி, பிறகு 10 நிமிடம் பலமாகச் சூடாக்கினால் நீர் பிரிந்து ஆக்சைடாகும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாகும்வரை சூடாக்கி ஆறவைத்துப் பாருங்கள்.

24.3 கிராம் மெக்னீசியத்தோடு 16 கிராம் ஆக்சிஜன் சேரும். ஆகவே 0.30 கிராமுக்கு 0.50 கிராம் ஆக்சைடு கிடைக்க வேண்டும். கூடுதலாக வந்தால் பெரும்பாலும் ஈரம் மிச்சம். குறைந்தால் புகை தப்பியிருக்கும், நாடா முழுக்க எரிந்திருக்காது, அல்லது நைட்ரைடு மிஞ்சியிருக்கும். பொடியில் பளபளப்பான துணுக்கு தெரிந்தால் மறுபடி சூடாக்குங்கள்.