மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: கிணற்று வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, மாடித் தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. உடனே மோட்டாரைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள். தரையில் வைத்த மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) மோட்டார் என்றால், கோளாறு பெரும்பாலும் கிணற்றுக்குள் இறங்கும் குழாயில்தான் இருக்கும்.

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மோட்டார் இருக்கும் மட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பம்புக்குள் அழுத்தம் குறையும்போது, வெளிக்காற்றுதான் கிணற்றுத் தண்ணீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கணக்குப்படி அது 34 அடி வரை ஏற்றும். நடைமுறையில் 22, 23 அடி தாண்டிவிட்டால் அரை எச்.பி.யை எடுத்துவிட்டு ஒன்றரை எச்.பி. போட்டாலும் பலனில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை சானல், அனந்தனார் சானல் என்ற பாசனக் கால்வாய்கள் பாயும் ஊர்களில் சானலை அடைத்த சில வாரங்களில் கிணறு இறங்கிவிடும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, சானலும் திறந்தபின் மறுபடி ஏறும். பங்குனி, சித்திரையில் மட்டும் மோட்டார் மக்கர் செய்கிறது என்றால் காரணம் இந்த ஆழமாகத்தான் இருக்கும். மோட்டாரைக் கிணற்றுக்குள் ஒரு திட்டில் இறக்கி வைக்கலாம். அதைவிட நல்லது, தண்ணீருக்குள் மூழ்கியபடியே ஓடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு மாறுவது. எதுவானாலும் எர்த்தும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் கிணற்றுக்குள் கரண்டை இறக்கக் கூடாது.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்து புட்வால்வு, அதாவது குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பம்பின் தலையில் உள்ள மூடியைத் திறந்து விளிம்பு தட்டும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி விடுவது நின்றதும் ஒரு பத்து நிமிடம் மட்டத்தையே கவனியுங்கள். இறங்கவில்லை என்றால் வால்வு நன்றாக இருக்கிறது. இறங்கினால், கிணற்றுக்குள் டார்ச் அடித்துக் குழாயை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். ஏதாவது ஒரு ஜாயின்டில் ஈரம் கசிந்து நின்றால் ஒழுக்கு அங்கே. குழாய் முழுக்க உலர்ந்திருந்து மட்டம் மட்டும் இறங்கினால், புட்வால்வின் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது இடையில் மணலோ இலைக்காம்போ மாட்டியிருக்கும். வாஷர் மாற்றுவது சின்ன வேலை. வால்வின் உடம்பே அரித்துப் போயிருந்தால் புதிதாகப் போடுவதே மிச்சம்.

நின்றிருக்கும்போது தண்ணீர் கசியாத மெல்லிய விரிசல்கூட ஓடும்போது காற்றை உறிஞ்சும். அதற்கு ஒரு வழி உண்டு: மோட்டார் ஓடும்போது, கைக்கு எட்டும் ஜாயின்டுகளில் கெட்டியான சோப்பு நுரையைத் தடவுங்கள். கிணற்றிலிருந்து பம்புக்கு வரும் இந்தக் குழாயில் காற்று வெளியே ஊதாது, உள்ளேதான் இழுக்கும். அதனால் குமிழியைத் தேடாதீர்கள். நுரை எங்கே குழிந்து உள்ளே போகிறது என்று பாருங்கள். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. எல்போக்களில் இது அடிக்கடி வரும். குழாய் கிணற்றிலிருந்து பம்பை நோக்கி லேசாக ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும், என்ன ஊற்றினாலும் பிடிக்காது.

தண்ணீர் வருகிறது, ஆனால் மெலிந்து வருகிறது என்றால் புட்வால்வின் சல்லடையைக் கழுவுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் இலை உதிரும் காலத்தில் வலை போடாத கிணறுகளில் அடைப்பு நிச்சயம். வால்வு கிணற்றின் அடித்தரைக்கு ஒன்றரை அடி மேலேயும், தண்ணீருக்கு ஒரு அடியாவது கீழேயும் நிற்க வேண்டும்.

மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று (காயில்) கருகிவிடும். கரண்டை முழுக்கத் துண்டித்துவிட்டு, பின்பக்கம் ஷாப்டைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் போயிருக்கும். பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோபாரட் அளவிலேயே வாங்க வேண்டும். கரண்டை எடுத்தபின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், முனைகளைக் கையால் தொடக் கூடாது. சுற்றவே முடியவில்லை என்றால் உள்ளே துரு பிடித்திருக்கும். அது மெக்கானிக் வேலை.

கால் மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு காற்றடிக்கிறதா? அது ஊற்று குறைவு. 6 அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 800 லிட்டர். இறைத்து நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். அரை அடி ஏறியிருந்தால் மணிக்கு 400 லிட்டர் ஊறுகிறது. அதற்கேற்பக் காலையிலும் மாலையிலும் பிரித்து ஓட்டுங்கள். கடலோரத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் ஒரு அடி தாழ்ந்தால், நாளடைவில் கீழிருக்கும் உப்பு 40 அடி வரை மேலேறும். கரித்துப்போன கிணறு திரும்ப இனிக்கப் பல மழை ஆகும்.

தூர் வார ஆள் இறங்கும்போது பெட்ரோல், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை நிமிடங்களில் உயிரை எடுக்கும். விளக்கை இறக்கிப் பார்த்து அணைந்தால் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் நம்பிவிட முடியாது, விஷவாயு எல்லாமே விளக்கை அணைக்காது. இறங்குபவர் இடுப்பில் கயிறும், மேலே இழுத்துத் தூக்க இரண்டு பேரும் வேண்டும். கீழே ஒருவர் மயங்கினால் இன்னொருவர் குதிக்கக் கூடாது. கயிற்றை இழுங்கள், 101-ஐ அழையுங்கள்.

தூர் வாரியபின் கிணறு ஊறியதும் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம், மேலே சொன்ன கிணற்றில் 10 அடி தண்ணீர் இருந்தால் 20 கிராம். வெள்ளம் புகுந்த கிணறு என்றால் இரண்டு மடங்கு. பவுடரை நேரே கொட்டாமல் வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் தெளிய விட்டு, மேல்தண்ணீரை மட்டும் வேறு வாளியில் எடுத்து, கிணற்றுக்குள் இறக்கி ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் ஊற்ற வேண்டாம், தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டாரைப் போட வேண்டும்.