வேட்டங்குடியில் கூடும் குஞ்சும்: முதல் தடவை போகிறவர்களுக்கு

காரைக்குடியிலிருந்து மதுரை ரோட்டில் திருப்பத்தூர் தாண்டினால் கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இங்கேதான். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் கூடுகள். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். மழை பொய்த்த வருடமென்றால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கண்மாய் பெருகாவிட்டால் கூடும் இருக்காது.

முதலில் பைனாகுலர். 8×42 (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். இரவல் வாங்கிய 10×50-ஐத் தூக்கிப் போய், கை நடுக்கத்தில் மரமே ஆடுவதைத்தான் பார்த்தேன்.

அடுத்து, நிற்கும் இடம். காலை வெயில் முதுகில் விழும்படி கரையிலேயே நில்லுங்கள். தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். அது எழுந்த நிமிடமே காகம் முட்டைக்கு வரும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது; ஹாரன் அடித்துக்கொண்டு போய் இறங்காதீர்கள்.

இனி குஞ்சை அடையாளம் காண்பது. நான் சறுக்கியது இங்கேதான். நத்தை குத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். கூட்டில் இருந்ததற்கு அலகு ஒழுங்காக மூடியிருந்தது. நோட்டில் 'வேறு இனம், கூட்டைப் பிடித்துக்கொண்டதோ?' என்று எழுதி வைத்தேன். 15 நாள் கழித்துப் போனபோது, பெரிய நாரை வந்து கூட்டுக்குள் இரையைக் கக்க, என் 'வேறு இனம்' ஓடி வந்து தின்றது. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது; வளர வளரத்தான் விழும். ஆகவே அலகைப் பார்த்து முடிவு கட்டாமல், யார் ஊட்டுகிறார்கள் என்று காத்திருந்து பாருங்கள். அரை மணி நேரமாவது ஒரே கூட்டைப் பாருங்கள். உச்சி வெயிலில் பெரியது சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

வளைந்த நீள அலகுள்ள வெள்ளை அரிவாள் மூக்கனிலும் இதே கதைதான். பெரியதற்குக் கருப்பு மொட்டைத் தலை, மொட்டைக் கழுத்து. இளசுக்குக் கழுத்தில் தூவி இருக்கும்.

அப்புறம் குறிப்பு. பறவைக் கணக்கைப் பதியும் செயலியை வீட்டில் வந்து திறந்துகொள்ளலாம், கரையில் 40 பக்க நோட்டும் பென்சிலும் போதும். மரத்துக்கு ஒரு எண் போட்டு, முட்டையா குஞ்சா, எத்தனை தலை என்று எழுதுங்கள். அடைகாப்பு சுமார் 4 வாரம் என்பதால் 15 நாளுக்கு ஒருமுறை போனாலே மாற்றம் தெரியும்.

கீழே விழுந்த குஞ்சைத் தொடாமல் வனத்துறை ஆட்களிடம் சொல்லுங்கள். 1977 முதல் சரணாலயம் இது.

பின்சேர்க்கை: பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருப்பது மடையானா (குளத்துக் கொக்கா) என்று இரண்டு பேர் கேட்டார்கள். பறக்கும்வரை பொறுங்கள். இறக்கை பளீரென்று வெள்ளையாக விரிந்தால் மடையான். பழுப்பாகவே இருந்தால் இராக்கொக்கின் இளசு.

இன்னொன்று: மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பைனாகுலரில் கருவட்டம் தெரிகிறதாம். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளுங்கள், சரியாகிவிடும்.