தீ விபத்தில் கல்லூரிக் கட்டடத்தைக் காலி செய்வது: படி இறங்க முடியாதவர்களையும் சேர்த்து

முதலில் பூட்டைக் கவனியுங்கள். பின்படிக்கட்டின் அடியில் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் மாட்டி வைக்கும் பழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. கட்டடத்தில் ஆள் இருக்கும் நேரம் முழுக்க அந்தப் பூட்டு திறந்திருக்க வேண்டும். திருட்டு பயம் என்றால் வாட்ச்மேனை உட்கார வையுங்கள். 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். பேரிடரில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது.

அடுத்தது டைம்டேபிள். "இந்த மாணவிக்கு இந்தத் தோழி உதவுவாள்" என்று எழுதி வைத்தால், தோழி லீவு போட்ட அன்று திட்டமே இல்லை. ஒவ்வொரு பீரியடுக்கும் எந்த அறை, எந்தப் படிக்கட்டு, உதவ இருவர், மாற்றாக ஒருவர் என்று எழுதுங்கள். அதற்கும் முன்னால், அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும், செலவும் இல்லை. லேபையும் நூலகத்தையும் மாற்ற முடியாது. திட்டம் கட்டாயம் தேவைப்படுவது அங்கேதான். காலில் மாவுக்கட்டு போட்டவர், கர்ப்பிணி ஆசிரியை, ஆஸ்துமா உள்ள ஊழியர் எல்லோரும் கணக்கில் வரவேண்டும். தன்னை எப்படித் தூக்குவது, எங்கே பிடித்தால் வலிக்கும் என்பதை அவரவரிடமே கேளுங்கள்.

அலாரம் அடித்ததும் லிஃப்டைத் தொடாதீர்கள். மின்சாரம் போனால் நடுவில் நிற்கும், புகையும் அந்தக் குழி வழியாகவே ஏறும். சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தீக்கு எதிர்ப்பக்கப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய், கூட்டம் இறங்கும்வரை ஓரமாக நிறுத்துங்கள். ஒருவர் உடன் இருக்க, மற்றவர் கீழே ஓடி, "பி பிளாக், 2-வது மாடி, கிழக்குப் படிக்கட்டு" என்று தீயணைப்பு வீரரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

தீத்தடுப்புக் கதவு உள்ள படிக்கட்டில் காத்திருக்கலாம், யாரும் செங்கல் வைத்து அதைத் திறந்து விடாதவரை. நம் ஊரில் பல கட்டடங்களில் படிக்கட்டு திறந்தபடியே இருக்கும். அங்கே புகை வந்தால் நிற்கக் கூடாது. வெளிப்புற ஜன்னல் உள்ள அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி திணித்து, 101 அல்லது 112-க்கு அறை எண்ணைச் சொல்லுங்கள்.

இறக்க வேண்டியிருந்தால், ரப்பர் பட்டையில் படி வழுக்கி இறங்கும் மீட்பு நாற்காலி இருப்பது நல்லது. சாதாரணச் சக்கர நாற்காலி என்றால், அமர்ந்திருப்பவர் முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். பின்னால் நிற்பவர் கைப்பிடியைப் பிடித்து நாற்காலியைப் பின்பக்கம் சாய்க்க, முன்னால் இருப்பவர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரங்களில் ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும். கை வைக்கும் கட்டையையோ கால்தாங்கியையோ பிடிக்காதீர்கள். பல நாற்காலிகளில் அவை கழன்று கையோடு வந்துவிடும். மின் நாற்காலியைத் தூக்க முயல வேண்டாம். ஆளை மட்டும் இறக்குங்கள்.

பார்வையற்றவரைப் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். உங்கள் முழங்கையைப் பிடிக்கக் கொடுத்து, படி தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் சொல்லுங்கள். காது கேளாதவர் தனியாக இருக்கும் இடங்கள் கழிப்பறையும் ஹாஸ்டல் அறையும். அங்கே மின்னும் விளக்கு வேண்டும். அது வரும்வரை, தளப் பொறுப்பாளர் இறங்குமுன் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். சைரன் சத்தத்தில் உறைந்துபோகும் ஆட்டிசம் மாணவருக்குக் குறுகிய வாக்கியம் போதும்: "என்னோடு வா."

கூடுமிடம் மணல் மைதானமாக இருந்தால் சக்கரம் புதையும். தீயணைப்பு வண்டி வரும் வழியிலும் அது இருக்கக் கூடாது. தூக்கி வரப்பட்டவர் உட்கார அங்கே நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வையுங்கள்.

ஒத்திகையில் மாற்றுத்திறனாளியைச் சம்மதமில்லாமல் தூக்கக் கூடாது. நாற்காலியில் 60 கிலோ மணல் மூட்டையைக் கட்டிப் பழகுங்கள். காலை 10 மணிக்கு, எல்லோரும் வகுப்பில் இருக்கும்போது நடத்தும் ஒத்திகை எளிதில் வெற்றி பெறும். மதிய இடைவேளையில், ஒரு படிக்கட்டை அடைத்துவிட்டு நடத்திப் பாருங்கள்.