வேதாகம ஊர்ப்பெயர்களின் பொருளைக் கண்டறிவது எப்படி? தொடக்க நிலையினருக்கான வழிமுறை

வேதாகம ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் தேடப் புகுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் எழுத்துக்கூட்டலை வைத்தே ஊகிக்கிறார்கள். எபிரோன் என்னும் ஊர் எபிரேயர் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். அது தவறு. ஆகவே முதலில் எழுத்திலிருந்தே தொடங்குவோம்.

படி 1: எபிரேய எழுத்தைப் பாருங்கள்

எபிரோன், எபிரேயர், எபெனேசர் ஆகிய மூன்றும் தமிழில் ‘எ’ என்றே தொடங்குகின்றன. எபிரேய மொழியிலோ முதற்சொல் கேத் என்னும் எழுத்திலும், இரண்டாவது ஆயினிலும், மூன்றாவது ஆலெப்பிலும் தொடங்குகின்றன. இந்த மூன்று ஒலிகளையும் பிரித்துக் காட்டத் தமிழில் தனித்தனி எழுத்துகள் இல்லாததால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேர்ச்சொற்கள் நம் கண்ணுக்கு உறவுடையவை போலத் தோன்றுகின்றன. எபிரோனின் வேர் ‘இணைதல், தோழமை’ என்னும் பொருளுடையது. எபெனேசர் என்பது ‘உதவியின் கல்’ (1 சாமுவேல் 7:12). எபிரேய எழுத்துகள் 22-இன் பெயர்களையும் அறிய 119-ஆம் சங்கீதத்தைத் திறந்தால் போதும். எட்டெட்டு வசனங்களாக அந்த எழுத்துகளின் வரிசையிலேயே அது அமைந்திருக்கிறது.

படி 2: பெயரின் முதற்பகுதியைப் பிரியுங்கள்

‘பெத்’ என்றால் வீடு, ‘பெயெர்’ என்றால் கிணறு, ‘கீரியாத்’ என்றால் நகரம், எங்கேதியின் தொடக்கத்திலுள்ள ‘என்’ என்பது ஊற்று. இவை தெரிந்தால் பல பெயர்கள் தாமே திறந்துகொள்ளும். பெத்தேல் தேவனுடைய வீடு. பெத்லெகேம் அப்பத்தின் வீடு. ரூத்தின் சரித்திரம் இந்த அப்பத்தின் வீட்டில் உண்டான பஞ்சத்தோடுதான் தொடங்குகிறது. கர்த்தர் தமது ஜனங்களுக்கு ஆகாரம் அருளினார் என்று நகோமி கேள்விப்படும் இடத்தில் (ரூத் 1:6), ஆகாரத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் அதே ‘லெகேம்’தான். பெயரின் பொருளை அறியாமல் வாசிக்கிறவர் இந்த அழகை இழந்துவிடுகிறார்.

படி 3: பெயருக்குக் காரணம் கூறும் வசனத்தைத் தேடுங்கள்

பெயெர்செபாவை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கிணற்றின் உரிமைக்குச் சாட்சியாக ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார். பின்பு அவரும் அபிமெலேக்கும் அங்கே ஆணையிட்டுக்கொள்கிறார்கள். ‘ஏழு’ என்பதற்கும் ‘ஆணையிடு’ என்பதற்கும் எபிரேயத்தில் ஷீன், பேத், ஆயின் என்னும் அதே மூன்று மெய்யெழுத்துகளே. எனவே ‘ஏழின் கிணறு’, ‘ஆணையின் கிணறு’ ஆகிய இரண்டுமே பொருந்தும். ஒன்றைத் தள்ளி மற்றொன்றை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். 26-ஆம் அதிகாரத்தின் முடிவில் ஈசாக்கின் காலத்தோடும் இதே பெயர் இணைக்கப்படுவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வேதாகமத்துக்கு வெளியே உள்ள சான்றோடு ஒப்பிடுங்கள்

பாபேல் (பாபிலோன்) என்ற நகரத்தின் பெயரை ஆதியாகமம் 11:9 ‘தாறுமாறாக்குதல்’ என்னும் எபிரேய வினையோடு சேர்த்துச் சொல்கிறது. அந்நகரத்தாரின் அக்காத் மொழியிலோ அது ‘தெய்வத்தின் வாசல்’ என்று பொருள்பட்டது. முதலாவது, வேதாகமம் அந்தப் பெயரில் கேட்ட செய்தி. இரண்டாவது, அந்நகரத்தார் தம் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுவதே நேர்மையான முறை என்பது என் கருத்து.

எருசலேமுக்கும் இதே கவனம் தேவை. எகிப்தின் அமர்னாவில் 1887-இல் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 14-ஆம் நூற்றாண்டிலேயே அது ‘உருசலீம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இஸ்ரவேலின் அரசர்களுக்கு முன்பே இருந்த பெயர் அது. ‘ஷாலேம் என்னும் கானானியத் தெய்வத்தின் அஸ்திபாரம்’ என்று அறிஞர் பலர் அதற்குப் பொருள் கூறுகிறார்கள். எருசலேமின் பழைய பெயராகக் கருதப்படும் சாலேம் என்பதைச் சமாதானமாக விளக்குவது புதிய ஏற்பாட்டின் எபிரெயர் 7:2.

பயிற்சி

கில்காலை எடுத்துக்கொள்ளுங்கள். யோசுவா 5:9-இல் ‘புரட்டுதல்’ என்னும் வினையைத் தேடிக் கண்டுபிடித்தபின், முந்தைய அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தில் அங்கே நாட்டப்பட்ட 12 கற்களையும் பாருங்கள். அதே வேரிலிருந்து ‘வட்டம்’ என்னும் பொருளும் வருவதால், அந்தப் பெயர் கற்களின் வட்டத்தையும் குறித்திருக்கக்கூடுமா என்று வசனங்களை அருகருகே வைத்து எழுதிப் பாருங்கள்.