வேகா என்ற குடும்பப்பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷ் குடும்பப்பெயர்களில் நிலத்திலிருந்து பிறந்தவை ஏராளம். சியெரா என்றால் மலைத்தொடர், சோட்டோ என்றால் ஆற்றங்கரைத் தோப்பு. வேகாவும் அப்படித்தான்: ஆற்றுத் தண்ணீர் பாயும் தாழ்வான, வளமான சமவெளி. படுகை நிலம் என்று சொன்னால் சட்டென்று புரியும்.

இதை வானத்து வேகா நட்சத்திரத்தோடு முடிச்சுப் போடுபவர்கள் நிறையப் பேர். நட்சத்திரத்தின் பெயர் அரபியிலிருந்து வந்தது. பாய்ந்திறங்கும் கழுகைக் குறிக்கும் தொடரின் மிச்சம் அது. குடும்பப்பெயரோ லத்தீனுக்கும் முன்பே ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள ஐபீரிய மண்ணில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. பாஸ்க் மொழியில் ஆற்றைக் குறிக்கும் ‘இபாய்’ இதற்கு உறவு என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

வேகா என்று பெயர் வைத்தவர்கள் எல்லாரும் ஒரே வம்சம் என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. ஆறு ஓடும் பள்ளத்தாக்குதோறும் ஒரு வேகா உண்டு. அதன் கரையில் குடியிருந்தவர்கள் தனித்தனியாகவே இந்தப் பெயரைப் பெற்றார்கள். முன்னால் ‘தே லா’ வந்தால் பிரபுக் குடும்பம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ‘அந்தப் படுகையைச் சேர்ந்தவர்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இணையத்தில் விற்கும் ‘வேகா குடும்பச் சின்னம்’ வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். ஸ்பெயினில் சின்னம் குறிப்பிட்ட ஒரு வம்சத்துக்குரியது. பெயர் ஒன்று என்பதற்காக எல்லாருக்கும் சொந்தமாகாது.

பழங்காலத்தில் பெயர் மாறாமல் வந்தது என்று நம்புவதும் ஆபத்து. 1539-இல் பெருவின் குஸ்கோ நகரில் ஸ்பானிஷ் தந்தைக்கும் இன்கா அரச குலத் தாய்க்கும் பிறந்த எழுத்தாளருக்கு முதலில் இட்ட பெயர் கோமெஸ் சுவாரெஸ் தே ஃபிகெரோவா. ஸ்பெயினுக்குப் போன பிறகுதான் தந்தையின் பெயரை எடுத்து கார்சிலாசோ தே லா வேகா ஆனார். ஒரே ஆள், இரண்டு பெயர்கள்! ஆவணம் தேடுபவர் எப்படித் திணறியிருப்பார்? பிலிப்பைன்ஸில் நிலைமை வேறு. 1849-இல் அங்கிருந்த ஸ்பானிஷ் ஆளுநர் கிளாவெரியா ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டு, அதிலிருந்து மக்களுக்குக் குடும்பப்பெயர் வழங்கச் செய்தார். அதனால் அங்கே ஸ்பானிஷ் பெயர் இருப்பது ஸ்பானிஷ் ரத்தத்துக்குச் சாட்சி ஆகாது.

அப்புறம், கடைசிப் பெயரைத் தந்தை வழி என்று எண்ணிவிடாதீர்கள். கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்கா ஸ்பெயினில் கிரானாடா நகரை ஒட்டிய வேகாவில், அதாவது படுகை நிலத்தில், பிறந்தவர். கார்சியா தந்தையின் பெயர், உலகம் அழைக்கும் லோர்கா தாயின் பெயர்.

உண்மையிலேயே வேர் தேட வேண்டுமா? முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள். ஸ்பெயினில் 1871 முதல் அரசுப் பதிவேடு உண்டு. அதற்கு முன்னால் போக, அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.